மத்தியானத்துக்கு ஒரு பென்சில் கோடு

மேடைக்கு மேலே தகரக் கூரை. பங்குனி மாதம். மணி மூன்றைத் தாண்டியிருந்தது. எங்கள் கம்பெனி ஆண்டு விழாவில் எங்கள் பேண்ட் வாசித்துக்கொண்டிருந்தது.

‘செக்போஸ்ட்’ என்று ஒரு பாட்டு. நாங்களே எழுதியது. இரண்டாவது சரணம் முடிந்ததும் பிரவீன் கிடாரை அடக்கிக்கொள்வான். மஞ்சு டிரம்ஸில் தாளத்தை மட்டும் பிடித்துக்கொண்டிருப்பான். அங்கிருந்து கொஞ்ச நேரத்துக்கு மேடை என்னுடையது.

முதல் ஸ்வரத்தை வைத்தேன். காது கூசியது.

விரல் சரியான கட்டையில்தான் இருந்தது. சத்தம்தான் அந்த இடத்தில் இல்லை. ஒரு மயிரிழை கீழே நின்றது. அடுத்த ஸ்வரம் இன்னும் கொஞ்சம் கீழே. படியில் கால் வைக்க வைக்க அந்தப் படியே இறங்கிக்கொண்டு போனால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

பிரவீன் திரும்பிப் பார்த்தான். முன்வரிசையில் என் லைனில் வேலை பார்க்கும் பெண்கள். அவர்களுக்குச் சுருதி தெரியாது. என் முகம் தெரியும். கைதட்டிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.

அடுத்து நான் செய்த காரியத்தைச் சொல்வதற்கு முன்னால், நான் வாசித்த அந்தப் பெட்டி எங்கள் வீட்டுக்கு வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்

இந்தத் தொடரை நடுவில் படிக்க வந்தவர்களுக்காக: நான் பிலோமினா. ஓசூர் பக்கம் மத்திகிரியில் வீடு. கார்களுக்கு வயர் கட்டு செய்யும் கம்பெனியில் டெஸ்டிங் லைன் லீடர். வாரத்தில் ஆறு நாள் கம்பெனி, ஞாயிறு காலை பூசைக்குக் கீபோர்டு, ஞாயிறு மத்தியானம் ராக். எங்கள் பாதர் இன்றுவரை அந்த மூன்றாவதை ‘உங்க அந்தச் சத்தம்’ என்றுதான் சொல்வார்.

ஒரு தடவை எங்கள் ஆம்ப்ளிஃபயர் புகைந்துபோனது. டிரான்ஸ்பார்மர் கிடைக்குமா என்று ஜூஜூவாடிப் பக்கம் பஷீர் பாயின் பழைய சாமான் கடைக்குப் போனேன். மின்விசிறி மோட்டார்கள் குவிந்து கிடந்த மூலையில், சின்ன பீரோவைப் படுக்கப் போட்ட மாதிரி ஒரு மரப்பெட்டி. முகம் முழுக்க, பழைய ரேடியோவில் இருப்பது மாதிரி கறுப்புத் திருகுகள். வரிசை வரிசையாகத் துளைகள்.

“என்ன பாய் இது?”

“டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்மா. பழசு. நாளைக்கு ஒடச்சு செம்பு எடுக்கணும்.”

பெயர்த்தகடு இருந்த இடத்தில் இரண்டு ஸ்குரூ ஓட்டைகள் மட்டும் இருந்தன. திருகுகளுக்கு மேலே இருந்த எழுத்துகள் பாதி தேய்ந்திருந்தன. குனிந்து தூசியை ஊதினேன். ‘ஆஸிலேட்டர்’ என்று இருந்தது. அதற்குக் கீழே ‘ஃபில்டர்’. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இதற்கெல்லாம் என்ன வேலை?

பக்கத்தில் கோணிப்பைக்குள் ஒரு சின்ன கீபோர்டு. இரண்டு கட்டைகள் உடைந்திருந்தன. அப்போதுதான் புரிந்தது. பழைய வெளிநாட்டு ராக் குழுக்களின் போட்டோக்களில் இதைப் பார்த்திருக்கிறேன். சுவர் மாதிரி ஒரு பெட்டி இருக்கும். ஒருத்தர் கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அதில் ஒயர் செருகிக்கொண்டிருப்பார். மாடுலர் சிந்தசைஸர், மின்சாரத்திலேயே சத்தத்தை உண்டாக்கும் வாத்தியம். அந்த வகையில் முதல் முதலாக வந்தவற்றில் ஒன்று. அது எப்படி ஜூஜூவாடிக்கு வந்தது?

“பாய், இத ஒடைக்காதீங்க.”

“ஏம்மா, யாருக்கு போன் போடப்போற?”

எடைக்கே கொடுத்தார். குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். என் வீட்டுக்காரர் ஆரோக்கியம் ஷிப்ட் முடிந்து வந்து, ஹாலில் பாதியை அடைத்துக்கொண்டு நின்றதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“இதுல எஃப்.எம். எடுக்குமா?” என்று கேட்டார்.

பீப்

ஊதிப்போயிருந்த கெபாசிட்டர்களை மாற்ற இரண்டு வாரம் ஆனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சுவிட்சைப் போட்டேன். சின்ன சிவப்பு விளக்கு எரிந்தது. சத்தம் வரவில்லை.

அந்தப் பெட்டியின் குணமே அதுதான். உள்ளே ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரே ஒரு வேலை. ஆஸிலேட்டர் சத்தத்தை உண்டாக்கும். ஃபில்டர் அதன் கூர்மையைச் சீவும். இன்னொன்று ஏற்றி இறக்கும். யாரும் யாரோடும் பேசமாட்டார்கள். நாம் ஒயர் போட்டு இணைத்துவிட்டால்தான் பேசுவார்கள்.

கம்பெனியில் என் வேலையும் ஒயர்தான். இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு இணைப்பு சரியாக இருந்தால் டெஸ்ட் போர்டு ‘பீப்’ என்னும். அங்கே ஒரு ஒயர் போகவேண்டிய இடம் ஒன்றுதான். மாறினால் ரிஜெக்ட். பதினைந்து வருஷமாக அந்த ஒரு இடத்தைத்தான் நான் காவல் காக்கிறேன். இங்கே எதை எதில் செருகினாலும் ஏதோ ஒன்று நடந்தது. முதலில் ‘டுக்’ என்றது. ஒயரை மாற்றினேன், தேங்காய் உடைக்கிற சத்தம். இன்னொன்றை மாற்றினேன், ஒரு நீளமான கனத்த ஒலி எழுந்து சமையலறையில் எவர்சில்வர் தட்டெல்லாம் நடுங்கியது. நான் சிரித்துவிட்டேன்.

ஒரே நேரத்தில் ஒரு ஸ்வரம்தான் வரும். ஒயரைப் பிடுங்கிவிட்டால் அந்தச் சத்தம் போனது போனதுதான். சேமித்து வைக்க வழி கிடையாது. நேற்று வந்தது இன்றைக்கு அப்படியே வராது. ஷிப்ட் முடிந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அதன் முன்னால் போய் நிற்பேன்.

பிரவீனுக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை.

“அக்கா, இதே சத்தம் லேப்டாப்ல வருது. பட்டன் அமுக்கினா போதும்.”

“வருதுடா. ஆனா அத நான் பண்ணலையே.”

இன்னொன்றையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். பெட்டி வந்த முதல் நாளே அதைச் சுத்தம் செய்தேன். சில திருகுகளைச் சுற்றிப் பென்சிலில் சின்னச் சின்னக் கோடுகளும் கிறுக்கல்களும் இருந்தன. கன்னடம் போலத் தெரிந்தது. எனக்குக் கன்னடம் பேச வரும், தெலுங்கு வரும், இரண்டும் படிக்க வராது. எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் அப்படித்தான். மருந்துக்கடை ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைத்தேன். எல்லாம் போய்ப் பளபளவென்று ஆனது. ஆரோக்கியத்தைக் கூப்பிட்டுப் பெருமையாகக் காட்டினேன்.

சங்கு

இப்போது மேடைக்கு வருகிறேன்.

ஓசூர் என்றால் குளிர் என்று வெளியூர்க்காரர்கள் இன்னும் நம்புகிறார்கள். அன்றைக்கு அந்தத் தகரக் கூரைக்குக் கீழே வந்து நின்றிருந்தால் தெரிந்திருக்கும். காலையில் கேன்டீன் ஹாலில், மின்விசிறிக்குக் கீழே, சுருதி சேர்த்து, சுவிட்சை அணைத்து வைத்திருந்தேன். மூன்று மணிக்குப் பெட்டியின் மரமே கைக்குச் சுட்டது.

சுருதி இறங்க இறங்க எனக்குப் பதற்றம் வந்துவிட்டது. ஏற்றலாம் என்று திருகைப் பிடித்தேன். கை வியர்த்திருந்தது. வழுக்கிவிட்டது.

திருகு பாதிச் சுற்றுக்கு மேல் போனது. ‘ஊஊஊ’ என்று அடிவயிற்றிலிருந்து கிளம்பி உச்சிக்குப் போய் அங்கேயே நின்றது சத்தம். ஸ்பீக்கர்கள் வழியாக மைதானம் முழுக்கப் பரவியது.

எங்கள் கம்பெனியில் மூன்றரை மணிக்கு பி ஷிப்ட் சங்கு ஊதும். பின் வரிசைகளில் இருந்தவர்கள் எழுந்தார்கள். டிபன் பையை எடுத்துக்கொண்டு கேட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்கள். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்து, காதருகே வைத்துக் கேட்டு, மறுபடி பார்த்தார். என் லைன் பெண்கள் கொஞ்ச நேரம் அடக்கிப் பார்த்தார்கள். பிறகு முடியவில்லை. ஒருத்தி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டாள்.

பிரவீன் பாட்டை நிறுத்தினான். மைக்கில் நன்றி சொன்னான். விழா அதோடு எங்களைத் தாண்டிப் பரிசளிப்புக்குப் போய்விட்டது.

மேடைக்குப் பின்னால் அவன் என்னிடம் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை.

“அக்கா, நாலு வருஷமா இந்த பேண்ட நடத்துறோம். இனிமே அந்தப் பொட்டி வந்தா நான் வரல. நீங்களே முடிவு பண்ணிக்குங்க.”

கிடாரைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் அதைவிட, அது ஏன் இறங்கியது என்ற கேள்விதான் மண்டையைக் குடைந்தது. மஞ்சு பெட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து ஒயர்களைக் கழற்றக் கை நீட்டியிருந்தான். லேத் பட்டறையில் வேலை பார்ப்பவன். தாய்மொழி கன்னடம்.

“அக்கா,” என்றான். “இங்க யாரு ‘மத்தியானம்’னு எழுதினது?”

கீழ் வரிசையில், என் பஞ்சு எட்டாத ஒரு இடுக்கில், ஒரு பென்சில் கோடு. அதன் பக்கத்தில் எறும்பு போல ஒரு எழுத்து வரிசை.

“இந்தக் கோட்டுக்கு நேரா திருகு இருந்தா மத்தியானத்துக்கு சரியா இருக்கும்னு யாரோ குறிச்சிருக்காங்க. அப்போ காலைக்கு ஒண்ணு, சாயங்காலத்துக்கு ஒண்ணு இருக்கணுமே? மேல இருக்கற திருகுக்கெல்லாம் எங்க?”

“தொடச்சிட்டேன்,” என்றேன்.

மஞ்சு என்னைப் பார்த்தான். அந்தத் திருகைக் கோட்டுக்கு நேராகக் கொண்டுவந்தான். நான் கட்டையை அழுத்தினேன். கிட்டத்தட்டச் சரியான இடத்தில் வந்து நின்றது ஸ்வரம்.

யாரோ இந்தப் பெட்டியோடு காலையும் மத்தியானமும் சாயங்காலமும் உட்கார்ந்து அதன் புத்தியைக் கண்டுபிடித்து எழுதி வைத்திருக்கிறார்கள். அதை நான் ஸ்பிரிட் போட்டுத் துடைத்திருக்கிறேன். யார் அவர்?

ஆனேக்கல்

பஷீர் பாய்க்கு வீடு ஞாபகம் இருந்தது. “ஆனேக்கல்ல ஏரிக்குப் பக்கத்துல மா. பச்சை கேட்டு. அந்த அம்மா எனக்கு டீ குடுத்தாங்க, அதனால மறக்கல.”

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் மஞ்சுவின் வண்டியில் கிளம்பினோம். அத்திப்பள்ளி தாண்டி உள்ளே திரும்பினால் அரை மணி நேரம்தான். பச்சை கேட்டைத் தட்டினோம். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா கையில் அளவு நாடாவோடு வந்தார்.

“யாரு பேக்கித்து?” என்றார். யார் வேண்டும் என்று.

போனில் இருந்த போட்டோவைக் காட்டினேன். அவர் முகம் இறுகியது.

“இது இன்னும் இருக்குதா? ஒடச்சிருப்பாங்கன்னு நெனச்சேன்.”

பெயர் சுகுணா. ஒரு கார்மெண்ட்ஸில் சூப்பர்வைசர். பேச்சு முழுக்கக் கன்னடத்தில்தான் நடந்தது. இங்கே தமிழில் எழுதுகிறேன்.

பெட்டி அவருடைய அப்பாவுடையது. ரேடியோ நாடகங்களுக்கும் மேடை நாடகங்களுக்கும் சத்தம் போட்டுக் கொடுப்பதுதான் அவர் தொழில். எப்போதோ பெங்களூருக்கு வந்த ஒரு வெளிநாட்டு ஆராய்ச்சிக்காரர் திரும்பிப் போகும்போது தூக்கிக்கொண்டு போக முடியாமல் அவரிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

“பாட்டு வாசிப்பாரா?” என்று கேட்டேன்.

“ஒரு நாளும் இல்ல. காத்து, குதிரை, ரயில். மழை. மழைதான் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. அவர் மழை போட்டா எங்கம்மா துணி எடுக்க மாடிக்கு ஓடுவாங்க. ஓடிட்டு, வெயில்ல நின்னு திட்டிட்டு வருவாங்க.”

சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

“எங்களுக்கு அந்த வீட்ல சத்தமே கூடாது. நானும் தம்பியும் வாயத் தொறந்தா ‘உஷ்’. அந்த ரூம் கதவு எப்பவும் சாத்தியிருக்கும். பெட்டிக்குக் குடுத்த நேரத்துல பாதியாவது எங்களுக்குக் குடுத்திருக்கலாம். அவர் போனப்புறம் நான்தான் எடைக்குப் போட்டேன். யாரையும் கேக்கல.”

நான் கொஞ்சம் தயங்கி, சுருதி இறங்கியதைச் சொன்னேன். பி ஷிப்ட் ஆட்கள் எழுந்து போனதைச் சொன்னபோது மட்டும் அவர் உதட்டோரம் அசைந்தது.

“சுவிட்ச் போட்ட உடனே வாசிச்சீங்களா? அதான். காலையில எழுந்ததும் சுவிட்ச் போடுவார். அப்புறம் குளிப்பார், பூஜை பண்ணுவார், பேப்பர் படிப்பார். ஒரு மணி நேரம் தொடவே மாட்டார். அது சூடாகி ஒரு நிலைக்கு வரணும். அப்புறம் வெயிலப் பாத்து கோட்ட மாத்துவார்.”

கடைசியாகக் கேட்டேன்: “அந்த மழைய எப்படிப் போடுவாருன்னு தெரியுமா?”

“எனக்கென்ன தெரியும்? கதவுதான் சாத்தியிருக்குமே.”

என் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தோம்.

குக்கர், பஸ், குழாய்

அன்றிலிருந்து நான் ஒரு மணி நேரம் முன்னால் சுவிட்ச் போட ஆரம்பித்தேன். காலை, மத்தியானம், சாயங்காலம் திருகு எங்கே நிற்கிறது என்று பார்த்து நானே புதிதாகக் கோடு போட்டேன். தமிழில். பிரவீனிடம் போய் நின்றேன்.

“ஒரு பாட்டுக்கு மட்டும் கொண்டு வரேன். போச்சுன்னா அதோட லேப்டாப்தான். நான் கேக்க மாட்டேன்.”

அவன் ரொம்ப நேரம் கிடார் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்துவிட்டுச் சரி என்றான். இரண்டு மாதம் கழித்துத் தேன்கனிக்கோட்டையில் ஒரு பள்ளி மைதானத்தில் வாசித்தோம். சுருதி நின்றது. முடிந்ததும் பிரவீனே பெட்டியைத் தூக்க வந்து ஒரு பக்கம் பிடித்தான். அவனிடம் அதற்குமேல் எதிர்பார்க்கக் கூடாது.

ஆனால் எனக்குள் அந்த மழை உட்கார்ந்துகொண்டுவிட்டது. ஒரு மின்சாரப் பெட்டியில் ஒருத்தர் தன் மனைவியை மாடிக்கு ஓடவைக்கிற அளவுக்கு மழை போட்டிருக்கிறார். எப்படி?

முயன்று பார்த்தேன். ‘ஸ்ஸ்’ என்று சத்தம் போடும் ஒரு பாகம் இருந்தது. அதிலிருந்துதான் வரவேண்டும் என்று தெரியும். ஃபில்டரில் செருகினால் குக்கர் விசில் வந்தது. வேறு மாதிரி செருகினால் பஸ் பிரேக்கில் காற்று போகிற சத்தம். ஒரு நாள் நிச்சயம் மழை என்று நினைத்து ஆரோக்கியத்தைக் கூப்பிட்டேன்.

“குழாய மூடலையா?” என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

சாவித்துவாரம்

ஆயுத பூஜைக்கு அடுத்த நாள் போன் வந்தது. சுகுணா.

“இன்னிக்கு லீவு. அங்க வரலாமா? அதைப் பாக்கணும்.”

வாங்க என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகு பயம் வந்தது. திருப்பிக் கேட்டால்? கொடுத்துத்தான் ஆகவேண்டும். அவருடைய அப்பாவின் பொருள். கோபத்தில் போட்டுவிட்டார். கோபம் தணிந்திருக்கலாம். மஞ்சுவுக்குப் போன் பண்ணி வரச் சொன்னேன். தனியாக இருக்க முடியவில்லை. பெட்டிக்குச் சுவிட்ச் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

பதினோரு மணிக்கு வந்தார். பொரியும் வாழைப்பழமும் கொடுத்தேன். தொடவில்லை. பெட்டிக்கு முன்னால் போய் நின்றார். முதலில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார். என் தமிழ்க் கோடுகளைப் பார்த்து “இது என்ன?” என்றார். துடைத்த கதையைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். “நான் மொத்தத்தையும் தூக்கிப் போட்டேன். நீங்க கோட்டத்தானே தொடச்சீங்க,” என்றார்.

பிறகு ஒயர்க் கட்டிலிருந்து ஒன்றை உருவினார். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். மேலே மூன்றாவது துளையில் ஒரு முனை. கீழே, நான் ஒரு நாளும் யோசிக்காத ஒரு இடத்தில் மறுமுனை. அடுத்த ஒயர். அடுத்தது. ஒரு இடத்தில் நின்றார், கண்ணை மூடினார், ஒரு கண்ணை மட்டும் திறந்தார், செருகினார்.

மஞ்சு என்னைப் பார்த்தான். நான் மெதுவாகக் கேட்டேன்.

“கதவு சாத்தியிருக்கும்னு சொன்னீங்களே?”

“சாத்தித்தான் இருந்தது,” என்றார் சுகுணா. “ஆனா சாவித்துவாரம் இருந்துச்சே.”

திருகைத் திருப்பினார்.

முதலில் எங்கோ தூரத்தில் கேட்டது. அப்புறம் பக்கத்தில். பிறகு எங்கள் ஹாலுக்குள் பெய்தது. வெறும் ‘ஸ்ஸ்’ இல்லை. அதற்குள்ளே தனித்தனியாகச் சொட்டுகள் விழுந்தன, ஓட்டில் ஒன்று, இலையில் ஒன்று, பாத்திரத்தில் ஒன்று. வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. மஞ்சு போனை எடுத்து ரெக்கார்டு பண்ணப் போனான். சுகுணா திரும்பாமலே வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

எவ்வளவு நேரம் பெய்ய விட்டார் என்று தெரியவில்லை. நிறுத்தும்போது சுவிட்சைத் தொடவில்லை. இரண்டு திருகுகளை மாறி மாறிக் குறைத்தார். சொட்டுகள் இடைவெளி விட்டன. ஒன்று. அப்புறம் ஒன்று. அப்புறம் இல்லை.

“டக்குனு நிறுத்தினா மழை இல்லன்னு தெரிஞ்சிடும்னு அம்மாகிட்ட சொல்வார்,” என்றார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஒயர்களை ஒவ்வொன்றாக உருவி என் கையில் கொடுத்தார். நான் போட்டோகூட எடுத்து வைக்கவில்லை.

கேட்காமல் இருக்க முடியவில்லை. “எடுத்துட்டுப் போறீங்களா? உங்க அப்பாவோடது. நான் தடுக்க மாட்டேன்.”

சுகுணா பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“எங்க வீட்ல வெச்சா மறுபடி அந்த ரூம் வந்துடும். வேணாம். இங்க கதவு தொறந்திருக்குது. ஆனா நான் வரேன்னா ஒரு மணி நேரம் முன்னாடி சுவிட்ச் போட்டு வெக்கணும்.”

போடுகிறேன் என்றேன். வாழைப்பழத்தை எடுத்து உரித்தார்.

மாதத்துக்கு ஒருமுறை, ஏதாவது ஒரு லீவு நாளில், ஆனேக்கல்லிலிருந்து பஸ் பிடித்து வருகிறார். நான் பக்கத்தில் நின்று பார்க்கிறேன். அவர் சொல்லிக் கொடுப்பதில்லை, நான் கேட்பதுமில்லை. குதிரை வந்துவிட்டது. ரயில் பாதி வந்திருக்கிறது. இடி மட்டும் அவருக்கு இன்னும் பிடிபடவில்லை. இடி போடும்போது அப்பா துவாரத்தை மறைத்துக்கொண்டு நின்றுவிடுவாராம்.